போகித் தீயும் தெருமுனைக் குப்பையும்

போகிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். பண்டிகை முடிந்த பிறகு எழுதினால் வெறும் புலம்பலாகிவிடும். முன்கூட்டியே எழுதினால் நம் சங்க உறுப்பினர்களில் பத்துக் குடும்பங்களாவது இந்த முறை வேறு விதமாகச் செய்து பார்க்கும் என்று ஒரு நப்பாசை.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்களுக்குப் போகி இரட்டைப் பண்டிகை. நாம் விடியற்காலையில் எழுந்து அவரவர் வீட்டு வாசலில் பழைய பாயையும் துடைப்பத்தையும் போட்டுக் கொளுத்துகிறோம். தெரு முனையில் தெலுங்கு அன்பர்கள் விறகுக் கட்டைகளை அடுக்கிப் 'போகி மண்டலு' மூட்டுகிறார்கள். பிள்ளைகள் சின்னச் சின்ன வறட்டிகளைக் கயிற்றில் கோத்து மாலையாகக் கொண்டு வந்து அந்தத் தீயில் போடுகிறார்கள். 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சித்தூர் இந்தப் பக்கமே நின்றது. போகி மட்டும் இரு பக்கமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருக்கிறது.

இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கும் கோபம் வருவதுண்டு. ஆனால் அந்தத் தீயில் என்ன விழுகிறது என்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். நம் பாட்டனார் காலத்தில் வீட்டில் கழிக்க வேண்டியவை என்று என்ன இருந்தன? கோரைப்பாய், தென்னந்துடைப்பம், மூங்கில் முறம், பனையோலை விசிறி, நைந்துபோன பருத்தித் துணி. அனைத்தும் மண்ணில் முளைத்தவை. எரிந்தால் புகை வரும், கண் எரியும், சாம்பல் மிஞ்சும், அதைச் செடிக்குப் போடலாம். இன்று நம் வீட்டில் பாய் என்பது பிளாஸ்டிக் பாய். துடைப்பத்தின் கைப்பிடி பிளாஸ்டிக். துணியில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். உடைந்த நாற்காலி, குழாய்த் துண்டு, தெர்மோகோல், பிள்ளைகளின் பழைய செருப்பு, இவற்றுக்கெல்லாம் மேலே தீ 'நன்றாகப் பிடிக்கட்டும்' என்று ஒரு சைக்கிள் டயர். வழக்கம் பழையதுதான், குப்பை புதியது. பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக் இப்படி அரைகுறைச் சூட்டில் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுப் பொருள் உண்டாகிறது. அது உடம்பில் கொழுப்பில் தங்கிவிடும், எளிதில் வெளியேறாது.

பழையதைக் கழிப்பது பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே நன்னூல் சூத்திரத்தை எடுத்து வீசுவார்கள். அந்தச் சூத்திரம் சொற்களின் வழக்கைப் பற்றியது. பவணந்தியார் சைக்கிள் டயரை மனத்தில் வைத்து எழுதவில்லை.

மார்கழி கடைசியின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த நாட்களில் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன் மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். காற்றோட்டமும் இராது. நாம் மூட்டும் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே, நம் மூக்கு உயரத்திலேயே தங்கிவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13, போகியன்று, சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமான நிலையத்தையே மறைத்துவிட்டன. விமானங்கள் தாமதமாயின, பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதனால்தான் அது செய்தியாயிற்று. நம் ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருமும் முதியவர் செய்தியாவதில்லை.

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசியை, அதாவது தலைமுடியின் குறுக்களவில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகளை, இந்தியாவில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009-இல் அளவு வகுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். நம் நுரையீரல் நான்கு மடங்கு உறுதியானது என்று யாரும் சோதித்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

நம் மாவட்டத்துக் கதை இதில் இன்னும் வேடிக்கையானது. மத்திய அரசு 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. காற்றுத் தூய்மை அளவை எட்டாத ஊர்களின் பட்டியலில் ஆந்திரத்திலிருந்து முதலில் ஐந்து ஊர்கள். விசாகப்பட்டினம், விஜயவாடா, குண்டூர், நெல்லூர், கர்நூல். பிறகு எட்டு ஊர்களைச் சேர்த்துப் பதின்மூன்று ஆக்கினார்கள். அந்த எட்டில் சித்தூரும் ஒன்று. திருப்பதி அந்தப் பதின்மூன்றில் இல்லை. இதைச் சொன்னால் திருப்பதி நண்பர்கள் மீசையை முறுக்குகிறார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் திருப்பதி என்ற பெயரில் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்த தானியங்கி அளவு திருமலையில் உள்ள நிலையத்துடையது. ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே, பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் தடை போட்ட இடத்தில் அளந்தது. கீழே பேருந்து நிலையத்தருகே மூச்சு விடுபவனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? கீழே வைகுண்டபுரத்தில் நிலையம் வந்தது அதற்குப் பிறகுதான். சித்தூரில் கங்கினேனி செருவுப் பக்கம் ஒன்று இருக்கிறது. கைபேசியிலேயே பார்க்கலாம். போகியன்று காலை ஆறு மணிக்கு ஒரு முறையும், மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு முறையும் பாருங்கள்.

"ஆண்டுக்கு ஒரு நாள்தானே? சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைக் கேட்டீர்களா, கருங்கல் அறுக்கும் பட்டறைகளைக் கேட்டீர்களா?" என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. அவற்றையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு நாள் என்பது சரியில்லை. போகியைப் பற்றிப் பேசுவது எளிது, அதனால் எல்லோரும் பேசுகிறோம். மற்ற 364 நாளும் ஏதாவது ஒரு தெரு முனையில், ஏதாவது ஒரு காலி மனையில் குப்பை புகைந்துகொண்டேதான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இலைச் சருகு. அந்தச் சருகுக்குள் பால் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் குட்கா உறையும் ஒளிந்திருக்கின்றன.

இதில் நானும் குற்றவாளிதான். வீட்டில் ஒரு வேம்பும் ஒரு மாமரமும் உண்டு. பங்குனி சித்திரையில் வேம்பு கொட்டும் சருகைப் பார்த்தால் தெரியும். பல வருடம் சாயங்காலமானால் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சி போடுவேன். கொசுவும் போகும் என்பது என் எண்ணம். ஒரு நாள் பக்கத்து வீட்டு மருமகள் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "மாமா, கொஞ்சம் தள்ளி எரிக்க முடியுமா? பிள்ளைக்கு ராத்திரி மூச்சு இழுக்குது" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எங்கே தள்ளுவது என்று நான் நாலு பக்கமும் பார்த்தேன். கிழக்கே அவர்கள் வீடு. மேற்கே ஒரு பள்ளி ஆசிரியர் வீடு, அவருக்கு ஆஸ்துமா. தெற்கே தெரு. வடக்கே என் வீட்டுப் படுக்கையறை ஜன்னல். எரித்த வருடங்களில் அந்தக் குழந்தை எத்தனை ராத்திரி உட்கார்ந்தே தூங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மறுநாள் மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி வெட்டினேன். முதல் தடவை தோற்றேன். சருகை மட்டும் கொட்டி மூடினால் அது அப்படியே காய்ந்து கிடக்கும், எறும்புதான் குடியேறும். ஒரு சாண் சருகு, அதன் மேல் ஒரு கை மண், சாணிக் கரைசல், வாரம் ஒரு முறை தண்ணீர், பதினைந்து நாளுக்கொரு தரம் புரட்டல் என்று தோட்டக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பிறகு நான்கு மாதத்தில் வேப்பிலை கறுப்பு மண்ணாயிற்று. மாவிலை தடித்தது, பிடிவாதக்காரன். இன்னும் இரண்டு மாதம் கேட்டது. பாம்பு வரும் என்று வீட்டில் ஒரே எதிர்ப்பு. ஒரு மூங்கில் தட்டியைச் செய்து மூடினேன். இதுவரை வந்தது ஓணான் மட்டும்.

என்னிடம் குழி வெட்ட இடம் இருந்தது. அடுக்கு வீட்டில் இருப்பவர், வாடகை வீட்டில் முற்றம் முழுவதும் சிமெண்ட் போட்ட வீட்டுக்காரர், தெருவோரப் புங்க மரத்தின் இலைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் என்ன செய்வார்கள்? இங்கேதான் சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்குக் குறைவே இல்லை. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் எரிபொருள் அல்லாத எந்தப் பொருளையும் எரிக்கத் தடை விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. எரிபொருள் அல்லாத என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் விறகு வைத்தால் அது எரிபொருள். பழைய செருப்பை வைத்தால்? வைக்கிறோமே. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தன் குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ கொட்டுவதும் எரிப்பதும் புதைப்பதும் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் சொல்லின. அதே ஆண்டு டிசம்பர் 22-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடும் குறித்தது. குற்றவியல் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. அக்கம்பக்கத்தார் உடல்நலம் கெடும்படி காற்றைக் கெடுப்பவனுக்கு வெள்ளைக்காரன் 1860-இல் வைத்த உச்ச அபராதம் 500 ரூபாய். அன்றைக்கு அது ஒரு சொத்து. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் அது 1,000 ரூபாய். 164 ஆண்டுகளில் காற்றின் மதிப்பு இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. தங்கத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

இத்தனை விதியிலும் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட ஒன்றை யாரும் பேசுவதில்லை. 2016 விதிகளில் உள்ளாட்சிகளின் கடமை என்ற பகுதியில் ஒரு வரி: தெருக் கூட்டுவோர் மரத்து இலைகளை எரிக்கக் கூடாது, அவற்றைத் தனியே சேர்த்துக் குப்பை எடுப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும், அப்படி அவர்களுக்கு உத்தரவிடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதியவருக்கு இலையின் நினைவு வந்திருக்கிறது. எழுதிய விதியில் பாதி அந்த உத்தரவு. மறு பாதி, அந்த இலையை வாங்கிக்கொள்ள ஒரு வண்டி. உத்தரவு போட ஒரு தாள் போதும். வண்டிக்குப் பணம் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், இலையைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் வேண்டும். வண்டி வராத தெருவில் கூட்டும் அம்மாளுக்கு விடியற்காலை நாலரை மணிக்குக் கையில் ஒரு துடைப்பம், எதிரே ஒரு பர்லாங்கு நீளத்துக்குச் சருகு. மேஸ்திரி வந்து பார்க்கும்போது தெரு சுத்தமாக இருக்க வேண்டும். தீக்குச்சிதான் அவளுக்குக் கிடைத்த வண்டி. இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அந்தப் புகையை முதலில் குடிப்பவளும் அவள்தான். அவளுக்கு அபராதம் போடுவது என்று யாராவது கிளம்பினால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன்.

லண்டன் நகரத்தின் அனுபவத்தை இங்கே சொல்வது பொருந்தும். 1952 டிசம்பரில் ஐந்து நாள் நிலக்கரிப் புகை மூடி அங்கே ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னாளில் வந்த ஆய்வு 12,000 வரை என்றது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் கொண்டு வந்தார்கள். புகையற்ற பகுதி என்று ஒன்றை அறிவித்தால் அங்கே வீட்டுக் கணப்பில் புகை விடும் நிலக்கரியை எரிக்கக் கூடாது. ஆனால் அதோடு விடவில்லை. கணப்படுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரனுக்கு உள்ளாட்சி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள். எரிக்காதே என்று சொன்ன அதே வாயால், எரிக்காமல் இருக்க இந்தா பணம் என்றும் சொன்னார்கள். அதனால் சட்டம் நடந்தது. நமக்குப் பத்தில் ஏழு பங்கு வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், இலைக்கு மட்டும் ஒரு வண்டி போதும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆந்திரத்தில் நகரங்களில் வீட்டுக் குப்பை எடுப்பதற்கு மாதக் கட்டணம் 2021-இல் வந்தது, 'செத்த பன்னு' என்று மக்கள் முணுமுணுத்தார்கள், 2024-இல் அதை நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். அந்தக் கட்டணம் சரியா தவறா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் இலை என்பது மற்றக் குப்பை போலச் செலவு மட்டும் அல்ல, திரும்பி உரமாக வரக்கூடியது. நம் மாவட்டம் மாந்தோப்புகளின் மாவட்டம். தோத்தாபுரி மரங்களின் அடியில் மண் காய்ந்து வெடிக்கும் சித்திரையில்தான் நகரத்தில் சருகு மலைபோல் குவிகிறது. இருபது கிலோமீட்டர் தள்ளி அதை வாங்கிப் போட்டுக்கொள்ள மண் காத்திருக்கிறது. நடுவில் இல்லாதது வண்டிதான். கலந்து கொட்டினால் நடப்பது என்ன என்பதைக் கொச்சிக்காரர்கள் அறிவார்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பை மேடு தீப்பிடித்துப் பத்து நாளுக்கு மேல் நகரமே புகையில் கிடந்தது.

திருப்பதியில் மலையடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. கோடையில் அங்கே சருகு எரிப்பது புகையோடு நிற்கும் விஷயம் அல்ல. 2014 மார்ச்சில் திருமலைக் காடு எரிந்தபோது தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது.

நம் சங்கத்துக்கு வருகிறேன். செயற்குழுவின் முன் இரண்டு யோசனைகளை வைக்க விரும்புகிறேன். சித்தூர், திருப்பதி இரண்டு மாநகராட்சிகளுக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு மனு கொடுக்க வேண்டும். இலைக்குத் தனி வண்டி, அது வரும் கிழமை, வட்டாரத்துக்கு ஓர் உரக்குழி, இதைத்தான் கேட்க வேண்டும். எரிக்காதீர்கள் என்ற அறிவிப்பு வெளியிடும்போது தெலுங்கோடு தமிழிலும் அச்சிடும்படியும் கேட்கலாம். நகரி, சத்தியவேடு பக்கத்தில் இரண்டு மொழியும் பேசுவார்கள், தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத முதியவர்களும் உண்டு. மொழிபெயர்த்துக் கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. காசும் கேட்க மாட்டோம்.

இரண்டாவது, போகி. இந்த விஷயத்தில் தெலுங்கு அன்பர்களிடமிருந்து நாம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் பெரும்பாலும் தெருவுக்கு ஒரு தீ மூட்டுகிறார்கள், நாம் வீட்டுக்கு ஒன்று மூட்டுகிறோம். நாற்பது வீட்டுத் தெருவில் நாற்பது புகைக்குப் பதில் ஒரு புகை. விறகும் வறட்டியும் மட்டும். அதைச் சுற்றி நின்று குளிர் காயலாம், பேசலாம், பிள்ளைகள் மேளம் கொட்டலாம். வாசலில் தனியாக நின்று டயர் எரிவதைப் பார்ப்பதைவிட அது பண்டிகை மாதிரியே இருக்கும். சங்கக் குடும்பங்கள் வசிக்கும் தெருக்களில் இந்த ஆண்டே செய்து பார்க்கலாம். கழிக்க வேண்டிய துணிகளை மார்கழி இருபதாம் தேதிக்குள் சங்கத்தில் கொண்டு வந்து கொடுத்தால், உடுத்தக் கூடியதைப் பிரித்துத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பிளாஸ்டிக் பாயும் நாற்காலியும் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், எடைக்குக் காசும் தருவார்.

போகியன்று விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் தெரு முனையில் நான் நிற்பேன். யாராவது சைக்கிள் டயரோடு வந்தால் காப்பி கொடுத்து உட்காரவைத்து, டயரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதாக உத்தேசம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வறட்டி மாலை கோத்துக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.